சுட்ட செங்கலும் நீளும்: கொங்குப் பகுதியில் வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் கட்டுமானப் பணியில் இருப்பதால், விரிசல் விட்ட சுவரைக் காட்டிக் காரணம் கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலும் மண்ணையோ சிமெண்டையோ வெயிலையோதான் அவர்கள் சந்தேகிக்கிறார்கள். செங்கல்லைச் சந்தேகிப்பவர்கள் மிகக் குறைவு. சூளையிலிருந்து வெளியே வந்த செங்கல், ஓடு போன்ற சுட்ட மண் பொருள்கள் காற்றின் ஈரத்தை ஏற்று ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகப் பெருகுகின்றன என்பதும், அதற்கு இடம் விடாமல் கட்டினால் சுவர் தனக்குத் தானே இடம் தேடிக்கொள்ளும் என்பதும் நம் பகுதியில் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் அளித்த விடைகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சூளையில் வெந்து ஆறிய செங்கல் மேலும் நீளும் என்பது உண்மைதானா?

உண்மைதான். பச்சைக்கல் காயும்போதும் வேகும்போதும் சுருங்குகிறது. அதனால்தான் அச்சைச் சற்றுப் பெரிதாக வைத்துக் கல் அறுக்கிறார்கள். ஆனால் வெந்து ஆறியதும் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் தொடங்கிவிடுகிறது. கல் காற்றைத் தொட்ட நேரத்திலிருந்தே அதிலுள்ள நீராவியை ஈர்த்து, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பெருகத் தொடங்குகிறது. வேகம் நாளாக நாளாகக் குறையுமே தவிர அது அடியோடு நிற்பதில்லை. இதைப் பொறியாளர்கள் ஈர விரிவு என்கிறார்கள்.

எங்கள் மேஸ்திரி கல்லைத் தொட்டியில் ஊறவைத்துத்தான் கட்டுகிறார். நீள வேண்டியதெல்லாம் அப்போதே நீண்டுவிடாதா?

நீண்டுவிடாது. ஊறவைக்கும்போது நீர் கல்லின் நுண்துளைகளில் நிறைகிறது. அதனால் வரும் உப்பல் மிகச் சிறியது. கல் காய்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கலவையிலுள்ள நீரைக் கல் உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகவே நனைக்கிறோம், அது அவசியமான வேலைதான். ஈர விரிவு வேறு வகையானது. அதில் நீர், கல்லின் வேதிக் கட்டமைப்புக்குள்ளேயே போய்ப் பிணைந்துகொள்கிறது. வெயிலில் காயவைத்தாலும், ஆய்வுக்கூட அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தினாலும் அந்த நீர் வெளியேறாது. ஒரு நாள் ஊறலால் பல ஆண்டு மாற்றத்தை முடித்துவிட முடியாது.

அப்படியானால் கல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

களிமண் துகள்களின் படிகக் கட்டமைப்பிலேயே ஹைட்ராக்சில் என்னும் வடிவில் நீரின் கூறுகள் அடங்கியிருக்கின்றன. சூளையின் வெப்பம் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரியைக் கடக்கும்போது இவை நீராவியாகப் பிரிந்து வெளியேறுகின்றன. மேலும் சூடேறும்போது பழைய படிகம் குலைந்து, ஒரு பகுதி புதிய படிகங்களாகவும், ஒரு பகுதி கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற பொருளாகவும் மாறுகிறது. கல் ஆறும்போது, நீரை இழந்த அந்த ஒழுங்கற்ற பகுதி நிலையான அமைதியை அடைவதில்லை. இழந்த நீரைத் திரும்பப் பெறும் நாட்டம் அதற்கு இருந்துகொண்டே இருக்கிறது. காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவி மீண்டும் ஹைட்ராக்சிலாகப் பிணையும்போது கட்டமைப்பு சற்றே அகல்கிறது. கல்லின் எடையும் மிகச் சிறிதளவு கூடுகிறது.

இந்த நீரைத் திரும்ப வெளியேற்ற வேண்டுமானால் கல்லை மறுபடியும் 500 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும். அப்படிச் சூடேற்றினால் கல் பழைய அளவுக்குச் சுருங்கி, ஆறியதும் புதுக்கல் போல மீண்டும் முதலிலிருந்து விரியத் தொடங்கும்.

எவ்வளவு நீளும்? கண்ணுக்குத் தெரியுமா?

ஒரு கல்லில் தெரியாது. கல்லுக்குக் கல், மண்ணுக்கு மண் அளவு மாறும். வடிவமைப்புக்கு மீட்டருக்கு 0.5 மி.மீ. என்று எடுத்துக்கொள்வது வெளிநாடுகளில் வழக்கம். சில கற்கள் 0.2 மி.மீ. அளவோடு அடங்கிவிடும், சில 1 மி.மீ. அளவையும் எட்டும். மீட்டருக்கு 0.5 மி.மீ. என்ற கணக்கில், 9 அங்குல நீளமுள்ள நம் சேம்பர் செங்கல் ஒன்று ஏறத்தாழ 0.115 மி.மீ. நீளும். இது ஒரு எழுதுதாளின் தடிமன். ஆனால் 30 மீட்டர் நீளமுள்ள மதில்சுவரில் இந்தத் தாள்களெல்லாம் அடுக்காகச் சேர்ந்தால் 15 மி.மீ. வருகிறது. கலவை மூட்டுகள் சுருங்குவதும், அடியிலுள்ள கட்டுமானம் பிடித்துக்கொள்வதும் இதில் ஒரு பங்கைக் குறைக்கும். எஞ்சியது ஒரு விரல் கனத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதற்குப் போக ஓர் இடம் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க வெப்பத்தையும் கணக்கிடுவோம். செங்கல் சுவர் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு ஏறத்தாழ 0.006 மி.மீ. விரியும். 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் அதே 30 மீட்டர் சுவர் 5 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும், குளிர்ந்ததும் திரும்பிவிடும். ஈரத்தால் வந்த நீட்சி திரும்புவதில்லை.

எத்தனை ஆண்டுகள் இது தொடரும்?

இதற்கு 2003-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஒரு விதியை முன்வைத்தார்கள்: விரிவின் அளவு, கல் சுட்டு முடிந்த காலத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. சூத்திரமாகச் சொன்னால் எளிதில் பிடிபடாது, எண்களில் பார்ப்போம். சூளையிலிருந்து பிரித்த முதல் நாளின் முடிவில் ஏற்பட்ட விரிவை 1 பங்கு என்று வைத்துக்கொண்டால், 16-ஆம் நாளில் அது 2 பங்காகும். 81-ஆம் நாளில் 3, 256-ஆம் நாளில் 4, 625-ஆம் நாளில் 5. பத்துப் பங்கை எட்ட 10,000 நாட்கள், அதாவது 27 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்தக் கணக்கை நான் பலமுறை தாளில் எழுதிக் காட்டியிருக்கிறேன், ஏனெனில் இரண்டு செய்திகள் இதில் ஒருங்கே இருக்கின்றன. தொடக்கத்தில் வளர்ச்சி மிக வேகமாக இருப்பதால் சூளையில் இருந்து இறக்கிய சூட்டோடு கட்டுவது நல்லதல்ல. அதே நேரத்தில், இரண்டு வாரம் காத்திருந்துவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் தவறு. பெரும்பங்கு இன்னும் மீதி இருக்கிறது. எல்லா வகை மண்ணும் இந்த விதிக்கு அப்படியே உட்படுவதில்லை என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளார்கள். ஆயினும் முதலில் வேகம், பிறகு நீண்டகால மந்த வளர்ச்சி என்னும் பொதுப்போக்கில் கருத்து வேறுபாடு இல்லை.

நம் ஊர் வறண்ட பூமிதானே. கேரளத்தைப் போல ஈரக்காற்று இல்லாத இங்கே இது குறைவாக இருக்காதா?

இது மிகவும் இயல்பான ஐயம்; ஆனால் விடை எதிர்பார்ப்புக்கு மாறானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் நமக்கு மழை குறைவு என்பது உண்மை. ஆனால் இந்த வேதி மாற்றத்துக்குத் தேவைப்படும் நீரின் அளவு மிகச் சொற்பம். பங்குனி வெயிலில் காற்று எவ்வளவு உலர்ந்திருந்தாலும் அதில் இதற்குப் போதுமான நீராவி இருக்கவே செய்யும். ஆகவே காற்றின் ஈரப்பதம் கூடுவதாலோ குறைவதாலோ வேகம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. வேகத்தை மாற்றுவது வெப்பநிலைதான். சூடு கூடினால் நீர் உள்ளே புகும் வேகமும் கூடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் வீசினாலும் வீசாவிட்டாலும், வெயிலில் நிற்கும் நம் மதில்சுவர் தன் வளர்ச்சியை நிறுத்துவதில்லை.

இது எப்போது கண்டறியப்பட்டது?

முதலில் பிடிபட்டது செங்கல்லில் அல்ல, மெருகிட்ட பீங்கான் பொருள்களில். அவற்றின் மேற்பூச்சில் சில காலம் கழித்து முடியிழை போன்ற வெடிப்புகள் வலைபோலத் தோன்றுவதற்கு, உள்ளிருக்கும் மண் உடல் ஈரத்தை ஏற்று விரிவதும் ஒரு காரணம் என்று ஷுரெக்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1928-இல் விளக்கினார். மேற்பூச்சு கண்ணாடி போன்றது, நீளாது. உள்ளுடல் நீளும்போது அது இழுபட்டு வெடிக்கிறது. பழைய குளியலறைச் சுவர் டைல்ஸ்களை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் இந்த வலையை நீங்களும் காணலாம். கட்டடச் சுவர்களின் விரிசலுக்கும் இதே காரணம் இருக்கிறது என்பது 1950-களில்தான் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவலாக ஏற்கப்பட்டது.

பிற்காலத்தில், இப்படி நீர் ஏறுவதால் கூடும் எடையையே கடிகாரமாகக் கொண்டு பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் முறையை மான்செஸ்டர், எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2009-இல் வெளியிட்டார்கள். அப்போது கேன்டர்பரி நகரின் இடைக்காலச் செங்கல் ஒன்றைச் சோதித்தபோது அதன் வயது வெறும் 66 ஆண்டுகள் என்று வந்தது. 1942-இல் அந்நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது ஏற்பட்ட தீயின் வெப்பம் கல்லின் நீரையெல்லாம் வெளியேற்றிக் கடிகாரத்தைத் தொடக்கத்துக்குத் திருப்பியிருந்தது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும்; அவையும் சுட்ட மண்தான், மண்ணுக்கடியில் கிடந்த காலமெல்லாம் நீரை ஏற்றுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

வீட்டில் இதன் அடையாளத்தை எங்கே பார்க்கலாம்?

மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் முதலில் பாருங்கள். அதன்மேல் பாரம் எதுவும் இல்லை, இரு பக்கமும் வெயில், மழை, காற்று. தடுப்பதற்கு ஆள் இல்லாததால் அது விருப்பம்போல் நீள்கிறது. பல்லடம் பக்கம் நான் பார்த்த ஒரு வீட்டில், தெற்குக் கைப்பிடிச் சுவர் ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். கட்டி இருபது ஆண்டுகள் இருக்கும். கிழக்கு மூலையில் குனிந்து கீழிருந்து பார்த்தபோது, கூரைத் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கைப்பிடிச் சுவர் வெளியே துருத்தியிருந்தது. அந்தப் படியில் ஒரு ரூபாய் நாணயங்களைச் செங்குத்தாக நிறுத்தி ஒன்றோடொன்று அணைத்து வைத்துப் பார்த்தேன். ஐந்து நாணயங்கள் அடங்கின. மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக நேர்க்கோடாக ஒரு விரிசல். நீண்ட சுவர் தள்ளியதில் மூலை வெளியே நகர்ந்து, பக்கச் சுவரை முறித்திருக்கிறது. வீட்டுக்காரரோ அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று பயந்து, அதற்கு இருமுறை செலவும் செய்திருந்தார். கீழே சுவரில் ஒரு கீறலும் இல்லை.

அத்தனையும் ஈர விரிவால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். வெப்பத்தால் சுவர் நீண்டு சுருங்கும்போது விரிசலுக்குள் மணலும் தூசியும் விழுந்து அடைத்துக்கொள்கின்றன. அடுத்த கோடையில் சுவர் அங்கிருந்து மேலும் தள்ளுகிறது. இரண்டும் ஒரே திசையில் துணைசேர்கின்றன.

கைப்பிடிச் சுவரை அடுத்து மதில்சுவரின் முனைகளையும், ஒரு நீண்ட சுவர் ஓரடி இரண்டடி மடங்கி மறுபடி நேராகப் போகும் இடங்களையும் பாருங்கள். இரு பக்கத்து நீண்ட சுவர்களும் எதிரெதிரே தள்ளும்போது நடுவிலுள்ள குட்டைச் சுவர் முறுக்கப்பட்டு உடைகிறது.

எங்கள் இடம் கரிசல் மண். விரிசல் மண்ணால் வந்ததா, கல்லால் வந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது?

கொங்குப் பகுதியில் இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். அதனால் வரும் விரிசல் பெரும்பாலும் ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகப் போகும். சித்திரை வைகாசியில் அகன்று, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஓரளவு மூடிக்கொள்ளும். தரையிலிருந்தோ அடித்தளத்திலிருந்தோ தொடங்கும். ஈர விரிவு பருவம் பார்க்காது. அதன் விரிசல் சுவரின் மேற்பகுதியில், மூலையை ஒட்டி, செங்குத்தாக இருக்கும். ஒருமுறை அகன்றால் மூடாது.

வேறு சிலவற்றையும் இதனோடு குழப்பிக்கொள்வார்கள். கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடும் கோடு பெரும்பாலும் கான்கிரீட் தளம் வெயிலில் நீள்வதால் வருவது. பூச்சில் மட்டும் கோலம்போலத் தெரியும் சிறு கீறல்கள் சிமெண்ட் பூச்சின் சுருக்கம். கல்லின் முகத்தில் கிண்ணம்போலப் பெயர்ந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், மண்ணோடு கலந்து வெந்த சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) ஈரத்தில் நீறிப் பூத்திருக்கிறது என்று பொருள். அது கல்லின் உள்ளூர்க் குறை, சுவரின் நீளத்தோடு தொடர்பில்லாதது.

கான்கிரீட் தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டிலும் இது உண்டா?

உண்டு, அங்கே சிக்கல் இன்னும் கூடும். செங்கல் காலத்தோடு வளர்கிறது; கான்கிரீட்டோ காலத்தோடு சுருங்குகிறது. உலர்ந்து சுருங்குவதற்காக மட்டும் இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 மீட்டருக்கு 0.3 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பாரத்தால் மெல்ல மெல்லக் குறுகுவது தனி. மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மாடியில் சுவர் 1.5 மி.மீ. உயர, தூண் ஏறத்தாழ 1 மி.மீ. தாழும். ஒரு மாடி வீட்டில் பீமுக்கடியில் கலவையை இறுக்கி அடைத்திருந்தாலும் பூச்சு நசுங்கித் தெறிப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் பல மாடி உயரத்துக்கு வெளிப்புறத்தில் செங்கல் முகப்பை நிறுத்தாமல் கொண்டுபோகும் அடுக்ககங்களில், பத்து மாடிக்கு இந்த எதிரெதிர் நகர்வு ஓர் அங்குலத்தை நெருங்கும். முகப்புச் செங்கல் பிதுங்கி, பெயர்ந்து விழவும் கூடும். ஒவ்வொரு மாடியிலும் பீமுக்கும் அதன் கீழுள்ள செங்கல்லுக்கும் நடுவே மென்மையான பொருள் நிரப்பிய இடைவெளி இருக்க வேண்டும்.

எந்தக் கல் அதிகம் விரியும்? வாங்கும்போது கண்டுபிடிக்க முடியுமா?

மண்ணின் கலவையும் வெந்த வெப்பமும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. அரைகுறையாக வெந்த கல்லில், நீரை ஏற்கத் துடிக்கும் ஒழுங்கற்ற பொருள் அதிகம். நன்றாக வெந்து இறுகிய கல்லில் புதிய படிகங்கள் உருவாகித் துளைகளும் அடைபடுவதால் விரிவு குறையும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து நுண்மையாகப் பரவியிருந்தால் நிலையான படிகங்கள் உருவாகி விரிவு குறைகிறது. கட்டியாக இருந்தால் முன்னே சொன்ன சுக்கான் தொல்லை.

ஒரே சூளையில் நடுவில் இருந்த கல்லும் ஓரத்தில் இருந்த கல்லும் ஒன்றுபோல் வேகாது. கோவைக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கின் சூளைகள் 2021-இல் மூடப்பட்ட பிறகு, பல ஊர்க் கற்கள் ஒரே கட்டடத்தில் கலந்து வருவதை நான் அதிகம் பார்க்கிறேன். ஒரே சுவரில் கலப்பதைத் தவிர்த்து, ஒரு சூளையின் கல்லை ஒரு சுவருக்கு என்று பிரித்து வைப்பது நல்லது.

இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிக் கணீரென்ற ஒலி வருகிறதா என்று பார்ப்பது வேக்காட்டை அறிய நல்ல வழி. நீர் உறிஞ்சும் அளவையும் சோதிக்கலாம், ஐ.எஸ். 1077 விதிப்படி சாதாரண வகைக் கல் 24 மணி நேரத்தில் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது. ஆனால் உறிஞ்சும் அளவை வைத்து ஈர விரிவை நேரடியாகச் சொல்லிவிட முடியாது. நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் கல்லுக்கு வழக்கமாகச் செய்யும் வலிமை, நீர் உறிஞ்சல், உப்புப் பூத்தல், வளைவு ஆகிய நான்கு சோதனைகளில் ஈர விரிவு இல்லை.

சூளை பிரித்த கல்லை எத்தனை நாள் வைத்திருந்து கட்ட வேண்டும்?

குறைந்தது இரண்டு வாரம். இடம் இருந்தால் இரண்டு மூன்று மாதம். மேலே சொன்ன பங்குக் கணக்கில், முதல் நாளிலேயே கட்டினால் அடுத்த 27 ஆண்டுகளில் சுவருக்குள் 9 பங்கு விரிவு நடக்கும். 16-ஆம் நாள் கட்டினால் 8, 81-ஆம் நாள் கட்டினால் 7.

அப்படியென்றால் செங்கல்லை விட்டுவிட்டு ஃப்ளை ஆஷ் கல்லுக்கு மாறிவிடலாமா?

மாறலாம், ஆனால் பிரச்சினை தீராது, திசை மாறும். மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களின் சாம்பலில் செய்யும் கல்லும், கான்கிரீட் பிளாக்கும் சூளையில் வேகாதவை. அவை உலர்ந்து சுருங்கும். அவற்றில் சுவரின் நடுவே விரிசல் வரும். எனக்குக் கவலை தருவது இரண்டையும் ஒரே சுவரில் கலப்பது. செங்கல் தீர்ந்துபோய் மேல் நான்கு வரிசையை ஃப்ளை ஆஷ் கல்லால் முடித்த சுவர்களில், இரண்டும் சந்திக்கும் வரியில் பூச்சு நூல் பிடித்தாற்போல் வெடித்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மொட்டை மாடித் தட்டோடு கூடாரம்போல் தூக்கிக்கொள்வது இதனால்தானா?

ஒரு பங்கு இதனால். தட்டோடும் சுட்ட மண். கீழே கான்கிரீட் சுருங்க, மேலே ஓடு ஈரத்தாலும் வெயிலாலும் நீள, நான்கு பக்கமும் கைப்பிடிச் சுவர் தடுத்தால் அது மேல்நோக்கித்தான் எழ முடியும். எழாவிட்டால் கைப்பிடிச் சுவரைத் தள்ளும். சுவரோரம் சுற்றிலும் ஓர் அங்குல இடைவெளி விட்டு மென்மையான பொருளால் நிரப்பியும், பெரிய மாடியைச் சதுரங்களாகப் பிரித்தும் பதித்தால் பெரும்பாலும் இது நேராது. வீட்டுக்குள் போடும் டைல்ஸ்களுக்கு ஓர் அளவுகோல் உண்டு: மீட்டருக்கு 0.6 மி.மீ.க்கு மேல் ஈர விரிவு இருந்தால் பதிக்கும்போது தொல்லை வரலாம் என்று சர்வதேச டைல்ஸ் சோதனை முறை குறிப்பிடுகிறது. நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கும் குறைந்த விட்ரிஃபைட் டைல்ஸில் இது பொருட்படுத்த வேண்டிய அளவில் இல்லை. அவை தூக்கினால் பதித்த முறையையும் ஓர இடைவெளியையும் பாருங்கள்.

சீமை ஓட்டுக் கூரைக்கு?

கவலை வேண்டாம். ஓடுகள் ரீப்பர் எனப்படும் மரச்சட்டங்களின் மேல் தளர்வாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே நகர இடம் உண்டு.

எங்கள் தாத்தா காலத்து வீடு எண்பது ஆண்டாக ஒரு கீறலும் இல்லாமல் நிற்கிறது. அது எப்படி?

அந்தக் கல்லும் விரிந்திருக்கும். ஆனால் அதைச் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருப்பார்கள். சுண்ணாம்புக் காரை மெதுவாக இறுகும், இறுகிய பின்னும் சிறிது நெகிழும். கல் தள்ளும்போது மூட்டுக்கு மூட்டு அது கொஞ்சம் நசுங்கி இடம் கொடுக்கிறது. சுவரும் கனமாக, தொட்டிக்கட்டு முற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு நீளங்களாக இருந்தது. இன்று 1:3 விகிதத்தில் (ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல்) சிமெண்டை அள்ளிப் போட்டுக் கட்டினால் வலிமை கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கல்லைவிடக் கலவை வலிதாகிவிட்டால் சுவர் ஒரே பாறைபோல் நகர்ந்து, ஓரிடத்தில் பெரிதாக வெடிக்கும். சாதாரண 9 அங்குலச் சுவருக்கு 1:6 போதும்.

இடித்த வீட்டின் பழைய கல்லைப் பயன்படுத்தலாமா?

இந்த ஒரு விஷயத்தில் பழைய கல் புதுக்கல்லைவிடச் சிறந்தது. அதன் வளர்ச்சியில் பெரும்பகுதி முடிந்திருக்கும். ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுத்து, உப்புப் பூத்த கல்லை ஒதுக்கிவிடுங்கள். தீப்பிடித்த கட்டடத்தின் கல்லை மட்டும் புதுக்கல்லாகவே கருத வேண்டும். கேன்டர்பரிக் கல்லுக்கு நடந்தது அதற்கும் நடந்திருக்கும்.

புதிதாகக் கட்டுகிறோம். இடைவெளியை எங்கே, எப்படி விட வேண்டும்?

நேரான செங்கல் சுவரில் 10 முதல் 12 மீட்டருக்கு ஒரு செங்குத்து இடைவெளி. கைப்பிடிச் சுவரிலும் மதில்சுவரிலும் அதில் பாதித் தொலைவுக்கு ஒன்று. மூலையிலிருந்து முதல் இடைவெளி மூன்று மீட்டருக்குள். அகலத்துக்கு எளிய கணக்கு: இரு இடைவெளிகளுக்கு இடையிலான மீட்டர் எண்ணோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அதையே மில்லிமீட்டராகக் கொள்ளுங்கள். 12 மீட்டர் என்றால் 16 மி.மீ. மதில்சுவராக இருந்தால் அந்த இடத்தில் இரட்டைத் தூண் எழுப்பி, இரண்டுக்கும் நடுவே இடைவெளியை விட்டால் சுவர் சாயாது. தரைமட்ட பெல்ட்டுக்கு (அடித்தளத்தின் மேல் ஓடும் கான்கிரீட் பட்டைக்கு) மேலே விட்டால் போதும், அடித்தளத்தை வெட்ட வேண்டியதில்லை.

உள்ளே நிரப்புவது அழுத்தினால் பாதியாக நசுங்கி மீளும் பாலிஎத்திலீன் ஃபோம் போன்ற பொருளாக இருக்கட்டும். வெளிமுகத்தைப் பாலிசல்ஃபைட் சீலன்டால் மூடுங்கள். இடைவெளி பூச்சிலும், சுவரின் தலையிலுள்ள கட்டையிலும் தொடர்ந்து போக வேண்டும். என் மேற்பார்வையில் நடந்த ஒரு வேலையிலேயே, கட்டும்போது ஒழுங்காக விட்ட இடைவெளியை நான் இல்லாத நாளில் பூச்சு வேலையில் கலவையால் மூடிச் சமப்படுத்திவிட்டார்கள். இரண்டாம் கோடையில் பூச்சு அதே கோட்டில் பிளந்தது. மறைத்த இடத்தைச் சுவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து பூச்சு தொடங்கும் முன் ஒவ்வொரு இடைவெளியின் முன்னும் செங்குத்தாக ஒரு மரச்சட்டத்தை அடித்துவைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

ஏற்கெனவே விரிசல் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே சிமெண்டால் அடைக்காதீர்கள். கண்ணாடிக் கடையில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு வாங்கி, பூச்சைச் சுரண்டிய கல்லின் மேல், விரிசலுக்குக் குறுக்கே இரு முனைகளையும் சிமெண்ட் பாலால் ஒட்டி, ஓரத்தில் தேதியை எழுதுங்கள். விரிசல் மேலும் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிவிடும். ஓராண்டு, அதாவது ஒரு கோடையும் ஒரு மழையும் கடக்கட்டும். விரிசலின் இருபுறமும் இரண்டு ஆணி அடித்து, மாதம் ஒருமுறை இடைத்தூரத்தை வெர்னியர் அளவியால் குறித்து வந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். எண் ஏறி இறங்கினால் மண்ணோ வெப்பமோ காரணம். ஏறிக்கொண்டே மட்டும் போனால் பெரும்பாலும் கல் நீள்கிறது. அப்போது விரிசலை ஒட்டி அறுப்பு இயந்திரத்தால் நேராக ஓர் இடைவெளி வெட்டி, மேலே சொன்ன முறையில் மென்மையான பொருளை நிரப்பி, சீலன்ட் இடுங்கள். கைப்பிடிச் சுவர் தூக்குக்குண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் அந்தப் பகுதியை இறக்கிவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் பாதுகாப்பு. இறக்கிய கல்லை எறிந்துவிடாதீர்கள். அதே இடத்தில் அதையே வைத்துக் கட்டலாம்.